சிரித்திரன் சுந்தரும் ஈழத்துக் கேலிச்சித்திரமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை பிறத்தற்குரிய நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு எனவும் வகுத்தார். இவற்றுள் எள்ளலுக்கு உரைவிரித்த பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளும்போது பிறக்கும் நகையையும், தன்னைப் பிறர் எள்ளியவிடத்துத் தனக்கே பிறக்கும் நகையையும் வேறுபடுத்திக் காட்டுவர். முன்னையது யாவர்க்கும் எளிது. பின்னையது அரிது. தனி மனிதனுக்கே அரிதாகிய அப்பண்பு ஒரு சமுதாயத்துக்கு வாய்ப்பது அதனினும் அரிது. கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, முகம் சுளியாதவாறும் காட்ட வல்ல ஒருவர் தோன்றும்போதே அது கைகூடும். ஈழத்துத் தமிழர்க்கு அத்தகைய கண்ணாடி பிடித்தவர் ‘சிரித்திரன்’ ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம் அவர்கள். வாசகர் அவரைச் சிரித்திரன் சுந்தர் என்றே அழைத்தனர். அவர்தம் தொழில் வரலாற்றையும், அத்தொழில் இயங்கிய முறையையும், அதனால் நமக்கு உளதாகிய கடமையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிவஞானசுந்தரம் அவர்கள் 1924ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாள் வடமராட்சியைச் சேர்ந்த கரவெட்டியில் பிறந்தார். உயர்கல்விக்காக இந்தியா சென்று பம்பாய் நகரிற் கட்டடக்கலை பயின்றார். கட்டடக்கலை மாணவன் முதலிற் கற்பது கோட்டின் சிக்கனத்தை. சுவர் ஒன்றைக் குறிக்க இரு கோடுகள் போதுமாயின் மூன்றாவது கோடு பிழையாகும். பிற்காலத்தில் மாதந்தோறும் சித்திரம் வரைந்து தள்ள வேண்டிய ஒருவருக்கு இதனினும் சிறந்த பயிற்சி வாய்த்தல் அரிது. பம்பாயோ இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தலையாய நகரங்களுள் ஒன்று. ஆர். கே. லக்ஷ்மன் அவர்கள் 1947 முதல் அந்நகரின் ‘ரைம்ஸ் ஒவ் இந்தியா’ நாளிதழில் வரைந்து வந்தார். 1951இல் அவர் படைத்த ‘சாதாரண மனிதன்’ என்னும் பாத்திரம் வாய் திறவாமலே அரை நூற்றாண்டுக்கு மேலாக நாட்டு நடப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. கட்டடக்கலை கற்கச் சென்ற கரவெட்டி இளைஞர் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பியதில் வியப்பு இல்லை.

தமிழுக்குக் கேலிச்சித்திரம் அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1906இல் சென்னையில் தொடங்கப்பெற்றுப் பாரதியாரின் எழுத்துவன்மையால் விளங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகை அரசியற் கேலிச்சித்திரங்களைத் தாங்கி வெளிவந்தது. பின்னர் ‘ஆனந்த விகடன்’ 1928இல் எஸ். எஸ். வாசன் அவர்கள் கைக்கு வந்தபின், மாலி அவர்களின் கோடுகளால் நகைச்சுவைச் சித்திரம் தமிழ் வாசகரின் அன்றாட உணவாயிற்று. மாலி வழியில் வந்த கோபுலு அவர்களின் வாழ்க்கை நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும். ஏனெனில் அவரும் சிவஞானசுந்தரம் அவர்கள் பிறந்த அதே 1924ஆம் ஆண்டிலே தஞ்சாவூரிற் பிறந்தவர். அவர் கும்பகோணத்துச் சித்திரக் கல்லூரியிற் பயின்று, விகடனிற் சேர்ந்து, சொற்களே இல்லாத நகைச்சுவைப் படங்களுக்குப் பெயர்பெற்றார். கொத்தமங்கலம் சுப்பு அவர்களின் ‘தில்லானா மோகனாம்பாள்’ கதைமாந்தருக்கு உருவம் கொடுத்தார். தேவன் அவர்களின் ‘துப்பறியும் சாம்பு’வைப் படத்தொடராகவும் வரைந்தார். பின்னர் விளம்பரத் துறையிலும் வெற்றி கண்டார். முதுமையில் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகினார். 2015இல் மறைந்தார்.

ஓராண்டிற் பிறந்த இவ்விருவரையும் ஒருங்குவைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கோபுலுவுக்குப் பின்னால் ஒரு பெரும் நிறுவனம் நின்றது. கதை எழுதுவோர் வேறு, பத்திரிகை நடத்துவோர் வேறு, அச்சிடுவோர் வேறு, விற்போர் வேறு. ஓவியர் தம் கோட்டை மாத்திரம் பேணினாற் போதும். சிவஞானசுந்தரம் அவர்களுக்கு அவ்வசதி இல்லை. வாசகர் தொகை சிறிதாகிய ஒரு நாட்டிற் சித்திரத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பியவர், அச்சித்திரம் வெளிவருதற்குரிய பத்திரிகையையும் தாமே படைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஈழத்துக் கேலிச்சித்திர வரலாற்றின் பெருமையும் இடர்ப்பாடும் இந்த ஒரு செய்தியிலே அடங்கியுள்ளன.

இலங்கைக்கு மீண்ட அவர், கொழும்பிலிருந்து வெளிவரும் ‘தினகரன்’ நாளிதழில் ‘சவாரித் தம்பர்’ என்னும் கேலிச்சித்திரத் தொடரை வரைந்து புகழ் பெற்றார். அப்பெயரை ஆராய்தல் தகும். சவாரி என்பது இரட்டை மாட்டு வண்டிகளை நீண்ட திடலில் ஓடவிட்டு வெற்றி தோல்வி காணும் விளையாட்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் அது இன்றும் நடைபெறுகின்றது. சவாரி மாட்டைப் பிள்ளையினும் மேலாகப் பேணும் மனிதரைக் கிளிநொச்சிப் பகுதியில் இன்றும் காணலாம். ஆகவே பெயரைக் கேட்டமாத்திரத்தில் வாசகனுக்கு ஒரு மனிதன் கண்முன் தோன்றுகின்றான். அவனுடைய ஊர், தொழில், பெருமிதம், பிடிவாதம் யாவும் உடன் தோன்றுகின்றன. நீண்ட அறிமுகத்துக்கு இடமில்லாத சிறிய சித்திரத்தில், பெயரே அறிமுகமாக நின்று உதவுகின்றது. தம்பரோடு சின்னக்குட்டி என்னும் பாத்திரமும் சேர்ந்தபோது உரையாடல் பிறந்தது. வேலியோரத்துப் பேச்சு பத்திரிகைப் பக்கத்துக்கு ஏறிற்று.

1963ஆம் ஆண்டு அவர் ‘சிரித்திரன்’ என்னும் நகைச்சுவைச் சஞ்சிகையைக் கொழும்பில் தொடங்கினார். சிரிப்பும் சித்திரமும் ஒருசேர ஒலிக்கும் பெயர் அது. தமிழகத்துச் சஞ்சிகைகள் கடைகளில் நிறைந்து தொங்கிய காலத்தில், நகைச்சுவைக்கெனவே ஈழத்தில் ஒரு மாத இதழ் நடத்துதல் துணிவான செயலாகும். அதன் ஆசிரியரும் ஓவியரும் அவரே. ‘மகுடி’ என்னும் பெயரில் வாசகர் வினாக்களுக்கு விடை எழுதியவரும் அவரே. அவ்விடைகள் சுருக்கமும் குத்தலும் சிந்தனையும் கலந்தவை. பலர் இதழைப் பின்பக்கமிருந்து புரட்டி முதலில் மகுடியைத் தேடுவர் என்பதை மூத்த வாசகர் இன்றும் சொல்வர். கேலிச்சித்திரத்தோடு சிறுகதை, தொடர்கதை, கவிதை ஆகியவற்றுக்கும் சிரித்திரன் இடமளித்தது. பகிடிப் புத்தகம் என்று கையில் எடுத்தவர், இலக்கிய வாசகராகக் கீழே வைத்தனர்.

இனி, அவர் படைத்த மாந்தரைத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களங்களோடு பொருத்தி நோக்குவோம். ‘மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன்’ என்பது ஒரு தொடர். தாமோதரன் என்னும் திருமாலின் திருநாமம் ஆங்கில நாவிற் புகுந்து டாமோடிரன் ஆகின்றது. பெயரைத் திரித்த அந்த ஒரு செயலிலேயே தலைநகரத்து நாகரிகத்தின்மேற் கொண்ட மோகம் முழுவதும் எள்ளப்பட்டுவிடுகின்றது. இது எள்ளல் வழி வந்த நகை. ‘மைனர் மச்சான்’ என்னும் பெயர் இளமையின் பகட்டைச் சுட்டுகின்றது. இஃது இளமை வழி வந்தது. சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் பேசும் பேச்சில் பேதைமையும் மடனும் மேற்போக்காகத் தோன்றும். ஆயினும் படித்தவர் மறைக்கும் உண்மையைப் படியாதவர் வாய்தவறிச் சொல்லிவிடும் உத்தி அங்கு மறைந்து நிற்கும். பேதை போற் பேசுபவரே பேதைமையை வெளிப்படுத்துகின்றார். அரசவை விதூடகன் தொடங்கி நமது நாட்டுக்கூத்துக் கட்டியகாரன் வரை வந்த பழைய மரபு இது. சிவஞானசுந்தரம் அதனை அச்சுக்கு ஏற்றவாறு அமைத்தார்.

இம்மாந்தருள் எவரும் வெளியார் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அரசியல்வாதியை அல்லது அயலானை எள்ளுதல் பத்திரிகைகளுக்கு வழக்கமே. இவரோ சீதனம், சாதிச் செருக்கு, உத்தியோக மோகம், போலிக் கௌரவம் எனத் தம் வாசகரின் வீட்டுக்குள் இருந்தவற்றை வெளியே எடுத்து வைத்தார். சிரித்த வாசகன் இதழை மூடியபின் சற்றே உறுத்தலுடன் தன் வீட்டை நோக்கினான். பேராசிரியர் சுட்டிய இரண்டாம் வகை நகை இதுவேயாம்.

அவர்தம் படங்களின் உயிர் பேச்சுமொழியில் உள்ளது. இதன் சிறப்பை உணரக் காலச்சூழலை அறிதல் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் ‘மரபுப் போராட்டம்’ என வழங்கும் பெருஞ் சர்ச்சை எழுந்தது. நாட்டு மக்களின் பேச்சுவழக்கைப் படைப்பிலக்கியத்திற் கையாளலாமா என்பது அதன் மையவினா. அவ்வழக்கை இழிசனர் வழக்கென ஒதுக்கியோர் ஒருபுறமும், அதுவே மண்ணின் குரல் என ஏற்றோர் மறுபுறமும் நின்று வாதிட்டனர். அவ்வாதம் நிகழ்ந்த காலத்திலேயே சிரித்திரன் தோன்றிற்று. எப்பன், பேந்து, கெதி முதலான சொற்கள் வழங்கும் மொழியிலே வாழ்ந்த மக்களை, அம்மொழியிலேயே சித்திரத்தின்கீழ்ப் பேசவைத்தது. கட்டுரையால் நிலைநாட்ட முயன்றதைக் கேலிச்சித்திரம் சிரிப்பால் நிலைநாட்டியது. எதிரணியினரும் சிரித்துவிட்ட பின்னர் எதிர்ப்புக்கு வலிமை ஏது?

அக்காலத்து அச்சுமுறையும் அவர் கலையை வரையறுத்தது. இன்றைய மாணவர் அறியாத செய்தியாதலின் அதனைச் சிறிது விளக்குதல் பொருந்தும். ஈயவெழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்ட காலம் அது. படம் ஒன்றை அச்சிட வேண்டுமாயின் அதற்கெனப் புளொக் செய்தல் வேண்டும். கரிய மையால் வரைந்த படத்தை ஒளிப்படமாக எடுத்து, அதனை மருந்து பூசிய துத்தநாகத் தகட்டிற் பதித்து, அமிலத்தில் இடுவர். கோடு உள்ள இடம் எஞ்சி நிற்க, ஏனைய இடத்தை அமிலம் அரித்துவிடும். பின்னர் அத்தகட்டை எழுத்தின் உயரத்துக்கு ஒப்பாக மரக்கட்டையில் அறைந்து, எழுத்துக்களோடு சேர்த்து முடுக்குவர். இம்முறையிற் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, இடைப்பட்ட சாம்பல் நிறம் இல்லை. அதனைக் காட்டப் புள்ளிகளாற் பிரிக்கும் வேறொரு முறையும் வழுவழுப்பான தாளும் வேண்டும், செலவும் மிகும். மலிவான தாளில் மெல்லிய கோடு உடையும், நெருங்கிய கோடுகள் மையால் அடைபடும். எனவே தெளிந்த கோடு, போதிய வெளி, சிலவே ஆகிய பாத்திரங்கள் என்னும் ஒழுங்கு கேலிச்சித்திரக்காரனுக்குக் கட்டாயமாயிற்று. வறுமை விதித்த அவ்வொழுங்கைக் கட்டடக்கலை பயின்ற கை அழகாக்கிக்கொள்ளும்.

சிறிய மொழிச் சமுதாயம் ஒன்றின் ஓவியர் உலகின் பிற பகுதியில் எவ்வாறு வாழ்கின்றார் என்பதை ஓர் ஒப்புமையால் அறியலாம். நோர்வே நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சம். நம்மவர் பலர் இன்று அங்கு வாழ்கின்றனர். 1965இல் அந்நாட்டின் மோல்டே நகரிற் பிறந்து, ஜேசன் என்னும் புனைபெயரால் உலகறிந்த படக்கதை ஓவியர் ஒருவர் உள்ளார். இவருடைய கதைமாந்தர் விலங்கு முகமும் மனித உடலும் கொண்டோர். அவர்கள் மிகக் குறைவாகவே பேசுவர். சில கதைகளிற் பேச்சே இல்லை. பேச்சு இன்மையால் மொழி எல்லை அவர் கதைகளைத் தடுக்கவில்லை. பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய மொழிகளில் அவை எளிதிற் பரவின. அவரும் பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரிற் குடியேறினார். சிறுமொழிக்குப் பிறந்த ஓவியர் மொழியைக் குறைத்து உலகை அடைந்தார்.

சிவஞானசுந்தரம் சென்ற வழி இதற்கு நேர்மாறானது. மொழியை மிகுத்து, அதிலும் ஒரு வட்டாரத்து மொழியை மிகுத்து, தம் மக்களை அடைந்தார். சவாரித் தம்பரை நோர்வேஜிய மொழியிற் பெயர்த்தால் தலைப்பே வழியில் விழுந்துவிடும். தமிழகத்து வாசகருக்கே சில இடங்களில் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். இவ்விரு வழிகளுள் எது உயர்ந்தது என வினவுதல் பொருந்தாது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. உலகெங்கும் பரவிய படைப்பை உலகம் காக்கும். ஓரிடத்தில் இழந்தால் வேறோரிடத்திற் கிடைக்கும். தன் மக்களுக்கென்றே பிறந்த படைப்பை அம்மக்களைத் தவிரக் காப்பார் ஒருவரும் இலர்.

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ளூர் வெளியீடுகளுக்கு வாசகர் பெருகினர். சிரித்திரனும் கொழும்பை விட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரலாயிற்று. அதன் பின் வந்த ஆண்டுகள் சிரிப்புக்கு ஏற்றன அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983இன் இனக்கலவரமும் அதனைத் தொடர்ந்த போரும் வந்தன. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, அச்சுத்தாளும் அரிது. அழுகை மலிந்த நாட்டில் நகைச்சுவை இதழ் நடத்துதல் பொருத்தமா என வினவுவோர் உளராயின், அழுகையை நகைக்கு அடுத்து வைத்த தொல்காப்பியரை அவர்கள் நோக்குவாராக. அடுத்தடுத்து நிற்பனவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தாங்கும். சிவஞானசுந்தரம் அவர்கள் 1996ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள், தாம் பிறந்த அதே தேதியில், 72ஆம் அகவை நிறைந்த அன்று மறைந்தார். ‘கார்ட்டூன் ஓவிய உலகில் நான்’ என்னும் நூலில் அவர் தம் கலைவாழ்வைத் தாமே எழுதிவைத்தமை நமது பேறாகும்.

அவர் மறைந்த அதே 1996ஆம் ஆண்டிற் கிளிநொச்சி மக்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் மீண்டும் இடம்பெயர்ந்தனர். இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருத்திரபுரத்திலும் அயலிலும் குடியேறிய குடும்பங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது பேச்சுமொழியோடு வாசிப்புப் பழக்கத்தையும் கொண்டுவந்தன. நெல்மூடைக்கு அருகில் பழைய சஞ்சிகைகள் கட்டிவைக்கப்பட்ட வீடுகள் இருந்தன. இடம்பெயர்வோர் அரிசியையும் உறுதிப்பத்திரத்தையும் எடுத்துச் செல்வர். சஞ்சிகைக் கட்டை எவர் சுமப்பர்? நூல் ஒன்று அழியினும் அதன் மறுபதிப்பு வரக்கூடும். மாத இதழின் மூலையில் வந்த சித்திரமோ மறுபதிப்புக் காண்பது அரிது. ஓர் இதழ் அழிந்தால் அதிற் பேசிய மாந்தரும் ஊமையாகின்றனர்.

நற்பேறாக, 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து வெளியீடுகளைத் தேடிப் படியெடுத்து இணையவழி யாவர்க்கும் வழங்கி வருகின்றது. சிரித்திரன் இதழ்களும் அங்கு இடம்பெற்றுள்ளன. எனினும் படியெடுத்தல் காப்பின் முதற்படியே. படத்திற் காணப்படும் பொருளும் கேட்கப்படும் சொல்லும் விளங்காதவிடத்து, படம் இருந்தும் பயனில்லை. இன்றைய மாணவன் ஒருவனுக்குப் படலை எது, சங்கடப்படலை எது, கதியால் எது, சீதனப் பேச்சில் ‘உத்தியோக மாப்பிள்ளை’ என்ற சொல்லுக்கு ஒருகாலத்தில் இருந்த நிறை எத்துணை என்பன சொல்லித்தரப்பட வேண்டியனவாகிவிட்டன. நகைச்சுவை விளக்கவுரையால் வாடும் என்பது உண்மையே. ஆயினும் விளக்கவுரை இன்றி இறந்துபோவதைக் காட்டிலும் வாடுதல் நன்று. வாடியது நீர் வார்த்தால் தளிர்க்கும்.

ஆதலின் ஆசிரியர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. சமூகக்கல்வியிலும் தமிழ்ப்பாடத்திலும் ஒரு பழைய கேலிச்சித்திரத்தை மாணவர் முன் வைத்து, அதிற் காணப்படும் உடை, பொருள், பேச்சு, உறவுமுறை ஆகியவற்றை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதிவருமாறு பணித்தல் வேண்டும். பழைய மாணவர்கள் தம்மிடமோ தம் உறவினரிடமோ எஞ்சியுள்ள இதழ்களைப் படியெடுக்கக் கொடுத்துதவல் வேண்டும். மாணவர்களோ இன்னும் ஒருபடி மேற்செல்லலாம். சவாரித் தம்பருக்குக் கரவெட்டியும் கொழும்பும் இருந்தன. வாய்க்கால் வரம்பிலும் நெல் ஆலையிலும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பிலும் நகைக்கத்தக்கவை நிறைந்த வன்னிக்கு ஒரு தம்பர் இன்னும் பிறக்கவில்லை. கரிய மையும் ஒரு தாளும் வரைவதற்குப் போதும். நம்மை நாமே நோக்கி நகும் உள்ளம் அதற்கு முன் வேண்டும். அவ்வுள்ளத்தை வளர்த்தவர் சிவஞானசுந்தரம் அவர்கள். அதனைப் பேணுதல் கற்றோர் கடனாகும்.